மூடிவைத்த உப்புச் சர்க்கரைத் தண்ணீர்

வீம்புக்கே பிறந்தவருக்கு,

"உப்புத் தண்ணி யாரும் தரலை"ன்னு டாக்டர்கிட்ட எந்த வாயால சொன்னீங்க? கட்டில் பக்கத்துலதான் நின்னேன். ஆஸ்பத்திரியாச்சேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

குடல் பரிசோதனைக்கு முன்னாடி குடலைக் கழுவுற மருந்து குடிச்சா உடம்புல உப்பு இறங்கும், தலை சுத்தும், வெறும் தண்ணியா குடிக்கக் கூடாதுன்னு நர்ஸ் நம்ம ரெண்டு பேருக்கும்தான் சொன்னாங்க. அதனாலதான் உப்பும் சர்க்கரையும் கலந்து, குளியலறை வாசல்ல ஸ்டூல் போட்டு, தட்டால மூடி வச்சேன். நான் கலந்ததாச்சே, தொடுவீங்களா? வெறும் தண்ணியையே குடம் குடமா குடிச்சீங்க.

மலத்துல ரத்தம் போறதை மாசக்கணக்கா மறைச்சீங்க. அதை மகள்கிட்ட சொன்னேன், அதுதானே என் குத்தம்? அன்னையிலிருந்து என்கிட்ட மௌன விரதம். இருந்துட்டுப் போங்க. ஆனா உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, தலை சுத்தி விழுந்த பிறகும் என்னைக் கூப்பிடாம வாளியைத் தட்டினீங்களே! ஆத்திரத்தை வாளி மேல காட்டுறீங்கன்னு நினைச்சு நானும் அடுப்படியை விட்டு நகரலை. சத்தம் நின்ன பிறகுதான் பயந்துபோய் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

பரிசோதனை தள்ளிப்போச்சு. மருந்தை மறுபடியும் குடிச்சாகணும். இந்தத் தடவை டம்ளரோட எதிர்லயே நிப்பேன்.

பக்கத்து வீட்டுக்காரர் இடிச்சுத் திறந்த குளியலறைக் கதவைச் சரிபண்ண தச்சர் வந்தார். தாழ்ப்பாள் மட்டும் வேண்டாம்னுட்டேன். கோபம் வந்தா கத்துங்க. கத்துறதுக்காவது வாயைத் திறங்க.

இப்படிக்கு,
வாளிச் சத்தத்தைக் கோபம்னு நினைச்சவள்