குட்டைப் பட்டை

நிலவு, தென்முனைச் சுரங்க நிலையம்

நாள் 61, 09:10
பதிபவர்: பூங்கோதை, தரப் பொறியாளர். இந்த வாரத்து எச்சரிக்கைகளைக் காரணவாரியாகப் பிரித்துப் பட்டைப்படம் போட்டுப் பூமிக்கு அனுப்பியாயிற்று. உயரமான பட்டை, நிலவுத் தரைக்கு இறங்கும் வெளியறைக் கதவின் சென்சார். அடுத்தது தண்ணீர் பம்ப். ஓரத்தில் குட்டையாக, காற்றைச் சுத்தம்செய்யும் விசிறி, இரண்டே எச்சரிக்கை. கரியமில வாயு கூடுகிறது, தலைவலி. இங்கே என்னோடு இருக்கும் ஒரே மனிதர் டெக்னீஷியன் எபனேசர். இன்டர்காமில் கேட்கிறார்: "எக்கா, படம் நல்லாத்தான் இருக்கு. தலவலிக்கு அத அரச்சுப் பத்துப் போடவா?"

நாள் 61, 13:40
காரணங்களை முள் முள்ளாகப் பிரிக்கும் மீன்முள் படமும் வரைந்தேன். தலைப்பக்கம் 'காற்று கெடுகிறது'. முட்களில் ஆள், இயந்திரம், பொருள், முறை, அளவீடு, சூழல். பூமியில் எங்கள் கட்டுப்பாட்டு அதிகாரி சபாபதி மற்ற முட்களை ஏறிட்டும் பார்க்காமல் 'ஆள்' என்பதில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார். "எபனேசர் கதவை ஒழுங்கா மூடுறதில்லம்மா. பெரிய பட்டையை முதல்ல முடிங்க. சென்சாரை மாத்திட்டு, அவரை வெளியறைக்குள்ளயே வெச்சு கசிவு டெஸ்ட் எடுங்க."

கதவு மூடாவிட்டால் காற்று குறையும், கெடாது என்றேன். யார் கேட்கிறார்கள்? இருக்கிறவன் தலையில் கட்டிவிட்டால் மீட்டிங் சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். எரிச்சலாக வருகிறது.

நாள் 61, 16:55
சென்சார் மாற்றியாயிற்று. எபனேசர் வெளியறைக்குள். டெஸ்ட் முடியும்வரை கதவைப் பூமிதான் பூட்டி வைத்திருக்கும். வாயு இன்னும் ஏறுகிறது. சந்தேகப்பட்டு வாரத்து ஒலிப்பதிவைக் கேட்டேன்.

கதவும் பம்பும் வெறும் மணி அடிக்கும். விசிறி மட்டும் குரலில் சொல்லும். வாரம் முழுக்கக் கத்தியிருக்கிறது. கை வேலையாக இருந்த எபனேசர் ஒவ்வொரு தடவையும் "சரி, சரி" என்றிருக்கிறார். நம் ஊரில் அதற்குக் 'கேட்டுச்சு, விடு' என்று அர்த்தம். இந்தப் பாழாய்ப்போன இயந்திரத்துக்கு 'சரிசெய்தாயிற்று' என்று அர்த்தம். எச்சரிக்கையை அங்கேயே முடித்து, கணக்கிலும் சேர்க்காமல் விட்டுவிட்டது. "சும்மா கெட சனியனே" என்று அவர் திட்டிய இரண்டு மட்டும்தான் என் படத்தில் ஏறியிருக்கிறது. தமிழ் பேசுகிற ஒருவரையும் கேட்காமலா ஐயா இந்த இயந்திரத்தைச் செய்தீர்கள்?

நாள் 61, 17:08
விசிறி நின்றுவிட்டது. வெளியறைக்கு வேறு காற்று இல்லை. "கதவைத் திறங்க சார்!" என்று கத்தினேன். சபாபதியின் பதில்: "விசிறி அலாரம் எல்லாம் முடிஞ்சதாத்தானே காட்டுது? டெஸ்ட் முடியட்டும்மா."

எபனேசர்: "எக்கா, மூச்சு முட்டுது. கண்ணெல்லாம் மங்குது."

ஒரு வழி இருக்கிறது. வெளியறையில் விசிறியின் குரல் புது எச்சரிக்கை சொல்லத் தொடங்கிவிட்டது. யாரும் முடித்துவைக்காமல் அது ஐந்து நிமிடம் ஒலித்தால் கதவு தானாகத் திறக்கும்.

நாள் 61, 17:12
நாலு நிமிடம் ஆயிற்று. இன்டர்காமில் சொன்னேன்: "எபனேசர், வாயே திறக்காதீங்க. மெஷின் என்ன சொன்னாலும் பதில் சொல்லாதீங்க. புரியுதா?"

"சரிக்கா."

திரையில் பச்சை விழுந்தது. எச்சரிக்கை முடிந்தது.

நாள் 61, 17:19
குரலில் பதிகிறேன். எச்சரிக்கை மறுபடி ஒலிக்கவில்லை; கையில் இரும்புக் கம்பி. கதவு நெளியக்கூட இல்லை. சபாபதி, நாசமாகப் போக, திற... எபனேசர் அந்தப் பக்கம் தட்டிக்கொண்டிருந்தார், இப்போது சத்தம் இல்லை... எபனேசர், என்னைத் திட்டுங்க. வாயைத் திறந்து எதையாவது