கழற்ற வழியில்லாத கவுன்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். அப்பாவின் முதுகுவலி தேவலையா? நான் நலம். மூச்சுதான் பாதி வருகிறது, பயப்படாதே.

நாளைக் காலையில் தையல் டீச்சர் மார்க் போடப்போகும் பழைய மாடல் கவுன், துணி வெட்டும் பேட்டர்ன் தாள் வந்த உறையில் உள்ள படம்போல இடுப்பை ஒட்டி நிற்கவேண்டுமென்று, என் அறைத்தோழி அதை என் உடம்பிலேயே வைத்துத் தைத்துவிட்டாள். கழற்றுவதற்காகப் பக்கவாட்டில் விட்டிருந்த திறப்பையும் சேர்த்து!

"இப்ப எப்படிடி கழட்டுறது?"

"படத்துல இருக்கிறவ கழட்டவே இல்லையே," என்கிறாள், எருமை.

பிரிக்கப் பயம். துணி கிழிந்தால் ஃபெயில். கடிதம் காலைக்குள் வந்துசேராது, தெரியும்; ஆனாலும் உன் சின்னக் கத்தரியை அனுப்பு. நீயே கொண்டுவந்தாலும் சரி.

ஐயோ, ஹாஸ்டல் வார்டன் செருப்புச் சத்தம், விளக்கணைக்கும் நேரம் தாண்டிவிட்டது! கடிதத்தை மறைக்கக் குனிந்தேன், டர்ரென்றது. நல்லவேளை, விட்டது தையல்தான், துணியில்லை. விடிவதற்குள் மறுபடி தைக்கவேண்டும், இந்தமுறை தலையணைக்கு மாட்டி.

அவசரத்தில்,
உன் மகள்