வயிற்றுப் பங்கு

நீரளவுக் கோபுரம் 4, மன்னார் வளைகுடா
பதிவர்: குமுதவல்லி, கடல் வேதியியல்

14 அக்டோபர் 2094, வியாழன். காலை 07:10

நீர் வெப்பம் முப்பத்தொரு பாகை. காற்று வடகிழக்கிலிருந்து. அடிநீரில் பாதரசம் போன மாதத்தைவிடக் கூடுதல். கருவிகள் அனைத்தும் சரியாக இயங்குகின்றன.

இந்தப் பதிவை என்றாவது யாராவது எடுத்துப் படிப்பார்கள் என்று மேலிடம் சொல்கிறது. படிக்கும் புண்ணியவானே, நான் ஈரோட்டுக்காரி. மீன் வாடையே ஆகாது. அப்படிப்பட்டவளைத் தேடிப் பிடித்து, மீனைச் சோதிக்கச் சொல்லி, நடுக்கடலில் நான்கு இரும்புக் கால்களின் மேல் தனியாக உட்காரவைத்திருக்கிறார்கள்.

கிழக்கே ஆறு கிலோமீட்டரில் மிதவையூர். கரை மூழ்கிய பிறகு மிதவைகளின் மேல் கட்டிக்கொண்ட ஊர். மீன்தான் அவர்களுக்குச் சாப்பாடு. கடலடியைக் கனிமத்துக்காகச் சுரண்டிய காலத்தில் கிளம்பிய பாதரசம் இன்னும் அடங்கவில்லை. சின்ன மீனான சாளையில் கொஞ்சம் இருக்கிறது. சாளையைத் தின்னும் சூரையில் அதிகம். சூரையைத் தின்னும் சுறாவில் கேட்கவே வேண்டாம். கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது.

இதில் ஊர் வழக்கம் வேறு. அன்றைக்குப் பிடிபட்டதில் எது பெரிய மீனோ, அதன் நடுத்துண்டு மாசமாக இருப்பவள் வீட்டுக்குப் போய்விடும். வயிற்றுப் பங்கு என்று பெயர். ஊரே பாசத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அங்கே எமரென்சி என்ற பெண்ணுக்கு ஏழாம் மாதம். முன்பு இரண்டு கரு தங்கவில்லை. நேற்று வந்த படகில் தன் தலைமுடியைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறாள். முடிவு வரும்வரை பெரிய மீனைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். இன்று காலை அவள் மாமியார் பிரகாசியம்மாள் கம்பியில்லாக் கருவியில் என்னை ஒரு பிடி பிடித்துவிட்டார்.

"டாக்டரம்மா, நீங்க படிச்சவிய, சொல்லுதது சரியாத்தான் இருக்கும். ஆனா மாசமா இருக்க பிள்ளைக்குச் சாளையக் காச்சிப் போட்டா ஊரு என்னைக் காறித் துப்பாதா? ஞாயித்துக்கிழமை பொங்கிப் போடுதோம். சொந்தபந்தம் பூரா அவளுக்குன்னு ஆக்கிக் கொண்டாரும். அன்னைக்கும் சாளையா?"

"சோதனை முடியட்டும் அம்மா. பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். அவர் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

15 அக்டோபர், வெள்ளி. பிற்பகல் 14:40

புயல் விளிம்பு கடந்துவிட்டது. மின்னல் விழுந்ததில் ஒலிபரப்பும் பகுதி கருகிவிட்டது. கேட்கும் பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதாவது காது இருக்கிறது, வாய் இல்லை. என் ரப்பர் படகைக் கடல் கொண்டுபோய்விட்டது. அபாய வாணங்கள் தண்ணீர் ஏறிக் கூழாகிவிட்டன. மேலிடம் எனக்கு எல்லாவற்றிலும் ஒவ்வொன்றுதான் கொடுத்தது, மாற்றுக்கு எதுவும் கிடையாது.

முடிச் சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது.

15 அக்டோபர், வெள்ளி. மாலை 17:25

முடிவு வந்துவிட்டது. இரண்டு முறை மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன்.

முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். நுனியில் பழைய மாதங்கள், வேரில் இந்த மாதம். எமரென்சியின் முடி நுனியில் இருப்பதைவிட வேரில் பாதரசம் பதினெட்டு மடங்கு. மாசமான பிறகு வந்த ஒவ்வொரு பங்கும் அதில் தெரிகிறது. ஊர் எவ்வளவு ஆசையாகக் கொடுத்ததோ அவ்வளவு ஏறியிருக்கிறது.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. நன்றாகத் தூங்குவாள், நன்றாகச் சாப்பிடுவாள். தொப்புள்கொடி வழியாகப் பிள்ளை தாயைவிட அதிகமாக இழுத்துக்கொள்ளும். மூளை வளரும் நேரம் இது. இன்றே நிறுத்தினால் மிச்சத்தையாவது காப்பாற்றலாம். இதற்கு மேல் ஒரு பெரிய துண்டு கூட ஆகாது.

இதை அவளிடம் சொல்ல வேண்டும். இந்த ஒரு வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

16 அக்டோபர், சனி. காலை 08:15

வஸ்தியான் பேசினான். எமரென்சியின் கணவன். அப்படியே எழுதுகிறேன்.

"டாக்டரக்கா, மிதவையூர் பேசுதோம். மிதவ ஓரத்து வலையில கொம்பன் சுறா ஒண்ணு மாட்டியிருக்கு, நாலு ஆளு சேந்து தூக்குனோம். நாளைக்குப் பங்கு எங்க வீட்டுக்குத்தான். முடி பாத்தாச்சா? கேக்குதா?"

கேட்கிறது. கேட்கிறது என்று கருகிய பெட்டியைப் பார்த்துக் கத்தினேன்.

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு பிரகாசியம்மாள்: "ஏல, அவிய பேசலன்னா நல்லதுன்னுதான் அர்த்தம். கடல்ல கெட்ட சேதின்னாத்தான் மைக்க எடுப்பாவ. இல்லன்னா எதுக்குப் பாட்டரிய வீணாக்கணும்?"

வஸ்தியான்: "அதுவும் சரிதாம்மா. ராத்திரி கோவுரத்துல லைட்டு எரிஞ்சிச்சி, ஆளு நல்லாத்தான் இருக்கு."

பிறகு எமரென்சியின் குரல், மெதுவாக: "அக்கா, நீங்க ஒரு வார்த்த சொன்னாத்தான் நான் கை வைப்பேன். அதுவரைக்கும் தொட மாட்டேன்."

என் கண்ணே, அப்படியே இரு.

16 அக்டோபர், சனி. பிற்பகல் 16:00

நீர் மாதிரி எடுக்கும் பறவைப்பொறியின், அதாவது டிரோனின், காலில் ஒரு துணியைக் கட்டினேன். துணியில் கொட்டை எழுத்தில் 'சுறா வேண்டாம்' என்று எழுதியிருந்தேன். பறக்கவிட்டேன். காற்று அதை மேற்கே, ஊரே இல்லாத பக்கமாக அடித்துப்போயிற்று.

ஒலிபரப்பியைப் பிரித்தேன். எந்தக் கம்பி எதற்கு என்று தெரியவில்லை. விரல் சுட்டுக்கொண்டேன். நான் வேதியியல்காரி, இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்?

அலை இறங்கவில்லை. அங்கிருந்து படகு வராது. எனக்கு நீந்தத் தெரியாது. தெரிந்தாலும் ஆறு கிலோமீட்டர்.

17 அக்டோபர், ஞாயிறு. மாலை 17:50

பூசை முடிந்து பாட்டுச் சத்தம். வஸ்தியான் மைக்கைத் திறந்தே வைத்திருக்கிறான், நானும் விருந்தில் இருக்க வேண்டுமாம். பெண்கள் சிரிக்கிறார்கள். வளையல் போடுகிறார்கள். யாரோ, "புட்டு சூடா இருக்கும்போதே தின்னுடணும்" என்கிறார்கள். சுறாப்புட்டு.

எமரென்சி இன்னும் தொடவில்லை. பிரகாசியம்மாள் கெஞ்சுகிறார்: "ரெண்டு பிள்ளையப் பறிகொடுத்தவடி நீ. இதுவாவது தெம்பாப் பிறக்க வேண்டாமா? ஒரு வாய் தின்னு மக்கா." அழுகிற குரல். இந்த அம்மாள்மேல் எனக்குக் கோபமே வரமாட்டேன் என்கிறது. வந்தால் நன்றாக இருக்கும்.

இருட்டத் தொடங்குகிறது. கோபுர உச்சியில் பெரிய விளக்கு இருக்கிறது. அதை அணைத்து அணைத்துப் போட்டால், இங்கே ஏதோ கோளாறு என்று தெரியும். தெரிந்தால் பதறுவார்கள். பதறினால் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுவார்கள். இது ஏன் நேற்றே தோன்றவில்லை? மேலே ஏறுகிறேன்.

மாலை 18:35

கை ஓயும்வரை போட்டேன், அணைத்தேன், போட்டேன். பாட்டுச் சத்தம் நின்றது. பார்த்துவிட்டார்கள். கடவுளே, பார்த்துவிட்டார்கள்.

18:37

வஸ்தியான்: "பாத்துட்டோம்க்கா! ஊரே கைதட்டுது, கேக்குதா? எங்க படகெல்லாம் விசேச வீட்டத் தாண்டும்போது இப்படித்தான் லைட்ட மினுக்கி வாழ்த்திட்டுப் போவும். எங்க வழக்கத்த எப்பக்கா படிச்சிய?"

எமரென்சி: "அக்கா, நீங்க ஒண்ணுமே சொல்லலியேன்னு எலையப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். இப்பதான் மனசு ஆறிச்சி. நீங்க சொல்லிட்டீய. போதும்."

இல்லை

இல்லை எமரென்சி

18:38

விளக்கை ஒரேயடியாக அணைத்துவிட்டேன். இருட்டைப் பார்த்தாவது பயப்படட்டும்.

வஸ்தியான்: "சரிக்கா, பாட்டரிய மிச்சம் பிடிங்க. காலையில கூப்பிடுதோம்."

18:50

எழுத்து சரியாக வரவில்லை. கேட்கும் பெட்டியை அணைத்துவிடலாம். அணைக்க முடியவில்லை. அவள் பேசுகிறாள் அதையும் எழுதிவிடுகிறேன் யாராவது

"அக்கா, இருக்கியளா? நல்லா வயிறு நெறையத் தின்னுட்டேன். பிள்ள உள்ள என்னமா உதைக்குது தெரியுமா! அதுக்கும் பிடிச்சிருக்கு போல."