குண்டு வாங்கும் பாலம்

மே 4

பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "உளி பிடிப்பியா?" பிடிப்பேன் என்றேன். துப்பாக்கியோடு ரம்பமும் சுத்தியலும் சேர்த்துக் கொடுத்தார்கள். எங்கள் கட்டுமானப் படையில் எல்லாரும் இந்த ரகம்தான். வீடு கட்டியவன், ரோடு போட்டவன், கிணறு தோண்டியவன்.

"சண்டை போடுறவன் நடக்கணும்னா நீங்க அவனுக்கு முன்னாடியே போயிருக்கணும். எந்தப் போர்லயும் இதுதான் கதை. ஆனா போட்டோவுல நீங்க இருக்க மாட்டீங்க" என்று மேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். போட்டோ கிடக்கட்டும். சாப்பாடு நன்றாக இருக்கிறது.

மே 6

வேலை என்னவென்று இன்று சொன்னார்கள். ஆற்றின் மேல்பக்கம் கொத்தனார் ஆட்கள் கல் அடுக்கி, தண்ணீருக்குள் முழங்கால் ஆழத்தில் ஒரு பாலம் போட்டிருக்கிறார்கள். வானத்திலிருந்து பார்த்தால் வெறும் ஆறுதான் தெரியும். நான் கீழ்ப்பக்கம், வெட்டவெளியில், ஒரு பொய்ப் பாலம் கட்ட வேண்டுமாம். கழி நட்டு, பலகை அடித்து, மேலே சாக்கு விரித்துத் தார் பூச வேண்டும். எதிரி விமானம் ஏமாந்து அதன்மேல் குண்டு போடும்.

குண்டு வாங்கவா ஒரு பாலம்! இத்தனை வருஷம் கதவும் நிலையும் செய்த கைக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்.

கொத்தனார் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க பாலம் கண்ணுக்குத் தெரியாது தச்சரே. உங்க பாலம் காலுக்கு உதவாது." எரிச்சலாக வந்தது. ஆனாலும் சிரித்துத் தொலைத்தேன்.

மே 9

அக்கரை ஊரிலிருந்து வந்த லாரி டிரைவர் என் மனைவியிடமிருந்து சேதி கொண்டுவந்தார். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதிரி அந்த ஊரை நெருங்குகிறான், உடனே இந்தப் பக்கம் வந்துவிடு என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

"கட்டில்ல கிடக்குறவங்களை விட்டுட்டு ஓடி வரச் சொல்றாரான்னு கேளுங்கன்னாங்க அண்ணே. ஆஸ்பத்திரி கிளம்புற அன்னைக்குத்தான் அவங்களும் கிளம்புவாங்களாம்."

பாப்பாவையாவது அனுப்பக் கூடாதா? அவளும் அம்மாவை விட்டு வரமாட்டாளாம். இரண்டும் ஒரே அச்சு. பயமாக இருக்கிறது.

மே 12

பாலம் முடிந்தது. கைப்பிடியை இழைத்துக்கொண்டிருந்தபோது மேஜர் வந்தார்.

"யோவ், குண்டு வாங்கப்போற கைப்பிடிக்கு எதுக்குய்யா இழைப்பு?"

"சொரசொரன்னு இருந்தா எனக்குத் தூக்கம் வராது சார்."

தலையில் அடித்துக்கொண்டு போனார். தார் காய வேண்டுமே என்று, யாரும் மிதிக்காதபடி இரண்டு முனையிலும் கயிறு கட்டினேன். சமையல்காரர் ஒரு கால்தான் வைத்தார். நான் போட்ட கூச்சலில் வாளியோடு ஓடிப்போனார்.

மே 14

கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை. தார் கொஞ்சம் ஒட்டுகிறது.

மே 15

விமானம் வந்தது. என் பாலத்தை மதிக்கவே இல்லை. மேல்பக்கம் போய்ச் சுற்றிச் சுற்றி வந்து, கொத்தனார் பாலத்துக்குப் பக்கத்துக் கரையில் குண்டைப் போட்டது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் லாரித் தடமெல்லாம் அங்கேதானே போய் ஆற்றில் இறங்குகிறது? அடுத்த தடவை கண்டுபிடிச்சிட்டான்னா? ஏன் என்னதை விட்டான்? நல்லாத்தானே கட்டினேன்?

மே 16

நம் விமானம் மேலிருந்து எடுத்த போட்டோவை மேஜர் என் முன்னால் போட்டார்.

"பாருய்யா. உன் பாலம் கல்யாணப் பொண்ணு மாதிரி பளபளன்னு நிக்குது. ஒரு சக்கரத் தடம் இல்ல, ஒரு கால் தடம் இல்ல. எவன் நம்புவான்?"

என்னைச் செருப்பால் அடிக்கணும். தார் காயணும், தார் காயணும்னு கயித்தைக் கட்டிக் காவல் காத்தேனே! அவளும் பாப்பாவும் கடக்க வேண்டிய ஆறு.

இந்த முறை கொத்தனார் சிரிக்கவில்லை. அவருடைய தம்பி குடும்பமும் அக்கரையில்தான். "விடுங்க தச்சரே. வாங்க, அசிங்கப்படுத்தலாம்" என்று தோளில் கை போட்டார். நாள் முழுக்கப் படையே சேர்ந்து என் பாலத்தை நாசம் பண்ணியது. லாரி டயரைச் சேற்றில் புரட்டி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உருட்டினோம். மேல்பக்கத் தடத்தை மரக்கிளையால் பெருக்கி அழித்தோம். சமையல்காரர் காலெல்லாம் சேறு பூசிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடியே போய்ப் போய் வந்தார். அந்த மனுஷனுக்கு அன்றைய கோபம் இன்றுதான் தீர்ந்தது.

மே 18

ஆஸ்பத்திரி நாளை கடக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை.

மே 19

காது இன்னும் இரைகிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரி லாரிகள் அக்கரை மரங்களுக்கடியில் காத்து நின்றன. விமானங்கள் குண்டைக் கொட்டிவிட்டுத் திரும்பினால்தான் ஆற்றில் இறங்கலாம். காலையிலேயே வந்துவிட்டன, மூன்று விமானங்கள். நானும் கொத்தனாரும் என் பாலத்துக்கு எட்டத்தில் பதுங்குகுழிக்குள். ஒரு வட்டம் அடித்தன. இன்னொரு வட்டம். மேல்பக்கம் திரும்புகிற மாதிரி இருந்தது. எனக்கு உயிரே போச்சு. "டேய் ராசா, இங்க வாடா! என்னதைப் போடுடா!" என்று கத்தினேன். வெட்கமே இல்லை, கையெடுத்துக் கும்பிட்டேன்.

வந்தான்.

பலகை, சாக்கு, இழைத்த கைப்பிடி, எல்லாம் வானத்துக்குப் போய்த் திரும்பின. காது அடைத்துப் போயிற்று. கொத்தனார் என்னைக் கட்டிப்பிடித்து ஆடினார். நானும் ஆடினேன்.

விமானங்கள் போனதும் லாரிகள் இறங்கின. கடைசி லாரியில் ஒரு நோயாளியின் தலையை மடியில் தாங்கியபடி அவள் உட்கார்ந்திருந்தாள். மேல்பக்கத்துக்கு ஓடி வந்து, மண் அப்பிய முகத்தோடு நின்ற என்னைப் பார்த்ததும், "இதென்ன கோலம்?" என்றாள். உடனே அழுதுவிட்டாள். நானும்தான்.

பாப்பா குதித்திறங்கினாள். "அப்பா, லாரி தண்ணி மேலேயே வந்துச்சு! நீங்க கட்டின பாலம் எங்க?"

கீழ்ப்பக்கம் மிதந்து போன பலகைகளைக் காட்டினேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, உடைஞ்சு போச்சா?"

"ஆமாடா கண்ணு. சூப்பரா உடைஞ்சுது" என்றேன்.

மே 20

கொத்தனாரின் தம்பி குடும்பம் நாளை கடக்கிறது. விடிந்ததிலிருந்து புதுப் பாலம் கட்டுகிறோம். நாலு கழி கோணலாக நிற்கிறது. நிற்கட்டும், அவர்கள் நல்லபடியாக வந்து சேர்ந்தால் போதும்.