கடற்கரையில் ஊர் கேட்டவர்

புதன் இரவு, ஆடி மாதம், 1955.

கடற்கரை மாதா கோயிலுக்குப் போய்விட்டு இன்று மாலை தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பினோம். கால்விரல் இடுக்கில் இன்னும் மணல் இருக்கிறது. தூக்கம் வரவில்லை.

நேற்றுப் பூசை முடிந்ததும், அடுத்த லயத்து வரிசை வீட்டில் இருக்கும் தொழிலாளி சவரிமுத்து கடல் பார்க்க வேண்டும் என்றான். அதுவரை அவன் கடலைப் பார்த்ததில்லை. தலையில் மூட்டையோடு முழங்கால் நனைய நின்றான். கரையேறியபோது வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தேநீர் வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தார்.

"சொந்த ஊர் எது?"

"முசிறிப் பக்கமுங்க," என்றான் பெருமையாக.

அவன் பிறந்தது இலங்கையில், இந்த அக்கரப்பத்தனையில். முசிறி அவன் தாத்தாவின் ஊர். எங்கள் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். நனைந்த வேட்டியும் மூட்டையுமாக நிற்பவன் இந்தியாவில் ஓர் ஊரைச் சொன்னால், திருட்டுத்தனமாகக் கடல் கடந்து வந்த கள்ளத்தோணி என்றல்லவா நினைப்பார்கள்? அடுத்த மாதம் அவனுக்குப் பிரஜாவுரிமை விசாரணை.

வழிப்போக்கன் நம் ஊரைக் கேட்டால் தன் ஊரையும் சொல்வான். என் வகுப்பைப் பார்க்க வரும் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் கேட்பார், தன் ஊரைச் சொல்லமாட்டார். இவர் சொல்லவில்லை. கோயிலுக்குள்ளும் இவரை நான் காணவில்லை.

அவர் கள்ளத்தோணி பிடிக்க வந்த அதிகாரியாக இருக்கலாம் என்று ரயிலில் சொன்னேன். சவரிமுத்து சிரித்தான்.

"சாருக்குப் பாக்குறவங்க எல்லாம் இன்ஸ்பெக்டருதான். எந்தத் தோட்டம், எந்த லயம்னு எவ்வளவு அக்கறையாக் கேட்டாரு. கிறிஸ்மஸுக்கு வாங்கன்னு சொல்லியிருக்கேன்."

"வருவாராமா?"

"கண்டிப்பா வர்றேன்னாருங்க."

வருவார். கிறிஸ்மஸ் வரை காத்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றவில்லை.