பத்து மணி மீட்டிங்கில் என் குரல்

7, திங்கள்
காலையிலிருந்து தூறல். எங்கள் பகுதி மல்காஜ்கிரி முழுக்கச் சேறு. செய்ய வேண்டியவை: செயலி வெளியீட்டுப் பட்டியல், கீதுவுக்கு மழைக்கோட்டு, கொத்தமல்லி. கிளையண்டுக்குப் பெயர்: தரக்கூடாது.

டீமில் ஐந்து பேர் எதற்கு, நாலு பேர் போதாதா என்கிறார் கிளையண்ட். யாரை நீக்குவது என்று நான் கைகாட்ட வேண்டுமாம். இரண்டு வாரமாக மழுப்பல். ஒருத்தர் பிழைப்பில் மண்ணைப் போட என்னால் ஆகாது.

8, செவ்வாய்
மீட்டிங்கில் யார் பேசினாலும் அதை ஒரு மென்பொருள் எழுத்தாக்கி எல்லோருக்கும் அனுப்பும். இன்று வந்ததில் என் பெயருக்கு நேரே: ‘வெள்ளிக்கிழமை பெயரைச் சொல்லிவிடுகிறேன்.’

தூக்கிவாரிப்போட்டது. அந்த நேரம் மைக்கை அணைத்துவிட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். சலீமைக் கூப்பிட்டுக் கேட்டேன். செயலியைச் சோதித்துப் பார்க்கும் எங்கள் டெஸ்டர். வாணியம்பாடியிலிருந்து வந்து ஆறு மாதம், மனைவிக்கு இது எட்டாம் மாதம்.

“நீங்கதானேக்கா சொன்னீங்க. நல்லாத் தெளிவா.”

என்ன பெயர் என்று அவன் கேட்கவில்லை. 

9, புதன்
நேற்றைய மீட்டிங் பதிவைப் போட்டுக் கேட்டேன். என் குரல்தான், சளிக் கரகரப்பு உட்பட. கிளையண்ட் ஏதோ சொல்ல, நான் சிரிக்கிறேன். அப்படிச் சிரித்து எத்தனை நாளாச்சு.

கீதுவுக்கு நேற்று லீவு. மகளிடமே கேட்டேன், அம்மா மாடிக்குப் போனேன்தானே என்று.

“நஹீ மம்மி. ஆப் தோ ரூம் மே பாத் கர் ரஹே தே.”

அவளுக்குப் பள்ளி இந்திதான் வாயில் வரும். இல்லையாம், அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேனாம். கதவுகூடத் திறந்துதான் இருந்ததாம். அப்படியென்றால் துணியை எடுத்தது யார்? மடித்தபடி கட்டிலில் இருக்கிறது.

10, வியாழன்
லீவு போட்டேன். மைக்கைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டியாச்சு. கிறுக்குத்தனம்தான். பயமாக இருக்கிறது.

நாளை நானே வாயைத் திறந்து சொல்லிவிடுவது: ஐந்து பேரும் இருப்பார்கள். முடியாதென்றால் என்னை நீக்குங்கள்.

11, வெள்ளி
கீதுவைப் பள்ளியில் விட்டுத் திரும்பும்போது மெட்டுகுடாவில் ஆட்டோ மக்கர். மணி பத்து. போனில் சேரப் பார்த்தால், ‘நீங்கள் ஏற்கெனவே இந்த மீட்டிங்கில் இருக்கிறீர்கள்.’ மூன்று முறையும் அதே.  மழையிலேயே நடந்தேன்.

வீடு வந்தபோது பத்தே முக்கால். அறை காலி. லேப்டாப் மூடிக் கிடந்தது. சலீமுக்கு போன் அடித்தேன், நான் யார் பெயரையும் தரவில்லை, பயப்படாதே என்று சொல்ல.

அவன் முந்திக்கொண்டான்.

“எனக்கு உங்க மேல வருத்தம் இல்லக்கா. அழுதுக்கிட்டேதானே என் பேரைச் சொன்னீங்க.”