ஆளற்ற வாட்கூடம்

கடலையும் கழியையும் காவலாகக் கொண்ட கருங்கழி நாட்டின் இளவரசியும், மறைந்த வேந்தர் நெடுங்கோவின் மகளும், வடகரைப் போரில் வீழ்ந்த இளவரசர் கோடனின் தங்கையுமாகிய மருதி, வாட்கூடத்து முதல்வர் ஆதன் எழினியாருக்கு விடுக்கும் ஓலை. உம் கூடத்து விளக்கு அணையாதிருக்க. உம்மிடம் பயிலும் பெண்டிரும் ஆடவரும் நோயின்றி இருக்க. காயம்பட்டோர் விரைந்து தேறுக.

கூடத்தை ஆளொழிக்குமாறு நான் ஆணையிட்டபோது, நீர் காரணம் கேளாமல் அனைவரையும் ஆற்றுமணலுக்கு அனுப்பிவிட்டீர். கேளாததற்கு நன்றி. இப்போது நானே சொல்கிறேன்.

மழை இறங்குமுன் வாட்கூடத்தில் பயிலத் தொடங்காதவர் இந்நாட்டில் முடி சூட முடியாது. நான் தவறினால் முடி சிற்றப்பர் கங்கனாருக்குப் போகும். வடகரை ஊர்களைப் பகைவருக்கு விட்டுக்கொடுக்க அவர் இசைந்திருப்பதை நீர் அறிவீர். ஆயினும் உமது வாசலைத் தாண்ட என்னால் முடியவில்லை.

நான் அஞ்சியது வாளுக்கு அன்று. புதிதாக வருபவர் வாசலில் நின்று தம் பெயரை உரக்கச் சொல்லவேண்டும். உடனே கூடத்தார் அனைவரும் வாள்முனையைத் தரையில் ஊன்றி, அவர் தம் இடத்தை அடையும்வரை அவரையே பார்த்திருக்கவேண்டும். அவ்வழக்கத்துக்கே அஞ்சினேன். அதிலும் போரில் இறந்தவரின் இடத்தைக் காலியாக விட்டு, அவருடைய உறவினர் வந்தால் அங்கேயே நிறுத்துகிறீர்கள். என் அண்ணன் நின்ற இடத்தில், அவன் வாள் வீசியதைப் பார்த்த கண்களுக்கு முன்னால், நான் எப்படி நிற்பேன்?

ஒருநாள் முக்காடிட்டு வந்து கதவருகே நெடுநேரம் நின்றேன். உள்ளிருந்த இரு பெண்கள் என் நிழலைக் கண்டனர்.

“ஏடி காரி, வாசல்ல நிக்கிறது ஆளா, தூணா?”

“தூணாயிருந்தா உள்ளே நின்னிருக்குமேடி!”

கூடமே சிரித்தது. யாரென்று அறியாமல் சொன்னார்கள், நல்ல பதில்தான். ஆனாலும் நான் அரண்மனைக்குத் திரும்பி, அந்த ஆணையை எழுதினேன். தனியே பயின்றால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நம்பினேன்.

நேற்று நண்பகலில் ஆளற்ற கூடத்துக்குள் வந்தேன். சாளரங்கள் அடைக்கப்பட்டிருந்தன. மண்தரையில் ஒவ்வொருவரின் பாதமும் அழுத்திய பள்ளங்கள் வரிசையாக இருந்தன. அண்ணனின் பள்ளத்தில் நின்றேன். என் காலுக்கு அது பெரிது. தரை சூடாக இருந்தது, யாரோ அப்போதுதான் விலகி நின்றதுபோல. பிறகு வாள்முனை தரையில் ஊன்றும் ஓசை கேட்டது. முதலில் முன்வரிசையில், அடுத்து என் பின்னால், பிறகு கூடம் முழுவதும், ஒன்றன்பின் ஒன்றாக. எலி என்று எனக்கு நானே சொன்னேன். கதவு அசைகிறது என்று சொன்னேன். கதவு அசையவில்லை.

அவர்கள் என் பெயருக்காகக் காத்திருந்தார்கள். அவர்களில் அண்ணனும் இருந்தானா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. என் பெயரைச் சொல்ல வாய் திறந்தேன், குரல் எழவில்லை. ஓடி வந்துவிட்டேன். இதை எழுதும்போதும் அந்தப் பார்வை என் பிடரியில் இருக்கிறது.

எழினியாரே, உயிருள்ளோர் சிரிப்பார்கள், கொட்டாவி விடுவார்கள், வியர்வையைத் துடைக்க முகம் திருப்புவார்கள். அவர்கள் பார்வை களைத்துவிடும். நேற்று என்னைப் பார்த்த பார்வை களைக்கவில்லை. உயிருள்ளோரை நானே வெளியே அனுப்பி, இறந்தோரோடு தனித்து நின்றேன் என்பது பிறகே விளங்கியது.

ஆகவே ஆணையிடுகிறேன். ஆற்றுமணலில் இருப்போரை இன்றே கூடத்துக்கு அழைத்துக்கொள்க. நாளைக் காலை நான் வருவேன். வழக்கத்தில் எதையும் எனக்காகக் குறைக்கவேண்டாம். அவ்விரு பெண்களையும் தண்டிக்காமல், என் இருபுறமும் நிறுத்துக. நான் தடுமாறினால் அவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். என் காதில் மனிதச் சிரிப்பு விழட்டும்.

இன்னொன்று. இதன்பின் என் முத்திரையோடு வேறோர் ஓலை வரக்கூடும். எனக்குக் காய்ச்சல் என்றோ, கூடத்தை மீண்டும் ஆளொழிக்கவேண்டும் என்றோ அதில் இருக்கும். எழுத்தும் என்னுடையதாகவே இருக்கும். அதைப் பிரிக்காமல் தீயிலிட்டுக் கதவைத் திறந்தே வைத்திருப்பீராக.

கருங்கழியின் நண்டு முத்திரையை என் கையாலேயே இட்டேன். இவ்வாணையை மாற்ற எவருக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.